ஏழாம் பாடத்தில் ஒரு சத்தம்

செப்டம்பர் 24, செவ்வாய்

இது மின்வாரியச் சங்கம் அவருக்குக் கொடுத்த டைரி. அவர் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஜூனுக்குப் பிறகு எழுத ஆளும் இல்லை. தாள் வழவழப்பாக இருக்கிறது, வீணாக வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று ஜப்பானில் இரண்டாம் பருவம் தொடங்கியது. எனக்குக் காலை ஏழு பத்து, அவர்களுக்குப் பத்து நாற்பது. அவர்கள் இருப்பது வடக்கே கடலோரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில். நான் இருப்பது பாளையங்கோட்டையில், சாப்பாட்டு மேசையில். திரையில் பதினான்கு கறுப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். யாரும் கேமராவைப் போடுவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. முகம் தெரிந்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி. அது அவர்கள் வாயில் நுழையாது. நான்கு வருடமாக ‘அராஷி சென்செய்’ என்கிறார்கள். சென்செய் என்றால் ஆசிரியர். அராஷி என்றால் அவர்கள் மொழியில் புயலாம். அதை வீட்டில் சொன்ன அன்று அவர் சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். “புயலாம்லா! இருந்த எடத்த விட்டு அசைய மாட்டேங்க, புயலாம்!”

மதியம் தயிர்சாதம்.

அக்டோபர் 1, செவ்வாய்

‘என் ஊரில் ஒரு பருவம்’ என்று எழுதச் சொல்லியிருந்தேன். பதினான்கு கட்டுரைகளும் வந்துவிட்டன. பிழையே இல்லை. ஒன்பது கட்டுரைகளில் இலைகள் தங்கக் கம்பளம் விரிக்கின்றன. இயந்திரம் எழுதியது. நான் யாரையும் கண்டிக்கவில்லை. அவர்களுக்கு மதிப்பெண் வேண்டும், எனக்குச் சம்பளம் வேண்டும், இயந்திரத்துக்கு எதுவும் வேண்டாம்.

எழுத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். நிழல்பேச்சுக்குக் கூட்டினேன். காதில் ஒலிப்பதிவு ஓட ஓட, அரை நொடி பின்தங்கி, அதையே அப்படியே வாயால் சொல்லிக்கொண்டு போகவேண்டும். நிழல் ஆளைத் தொடர்வதுபோல. ஜப்பானில் இதைப் பள்ளியிலேயே பழக்குகிறார்கள். மாணவர் பேசியதைப் பாடம் நடக்கும் இணையதளத்தின் மென்பொருள் கேட்டு மதிப்பெண் போடும். அதன் மதிப்பெண்ணையும் நான் முழுதாக நம்புவதில்லை.

“எழுத்து வடிவத்தைப் பார்க்காதீர்கள்,” என்று சொன்னேன். “காதில் விழுவதை எல்லாம் சொல்லுங்கள். புரியாததையும் விடாதீர்கள்.”

பதினான்கு சதுரங்களும் மௌனமாக ஒப்புக்கொண்டன. பார்த்துத்தான் படிப்பார்கள். எழுத்து அதே பக்கத்தில் கீழேயே இருக்கிறது.

பன்னிரண்டு பாடங்களும் என் குரல்தான். தளத்திலிருந்த அமெரிக்கக் குரல்களுக்கு உரிமம் முடிந்துவிட்டது, நீங்களே பேசித் தாருங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டது. மே மாதம் பன்னிரண்டு நாள், காலை ஆறு மணிக்கு, மின்விசிறியை நிறுத்தி, பிரிட்ஜையும் நிறுத்தி, இதே மேசையில் பதிவு செய்தேன். நன்றாக வேர்த்தது.

பால் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஒருத்திக்கு அரை லிட்டர் அதிகம். கடுங்காப்பி போதும்.

அக்டோபர் 5, சனி

பிரமு வந்திருந்தாள். அவருடைய தங்கை, பிரமநாயகி. முறுக்கும் கையால் பிடித்த எள்ளுருண்டையும் கொண்டுவந்தாள். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“மைனி, என்ன இது, வீடு வீடாவா கெடக்கு? லைப்ரரி கணக்கா இருக்கு. ஒரு ரேடியோவ போட்டா என்ன கொறஞ்சா போவும்?”

“வகுப்பு இருக்கு பிரமு.”

“சனிக்கெழமையுமா? அந்தச் சப்பான்காரனுக்கு லீவே கெடையாதா?”

சாப்பிட்டாள். சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு காரியம் கேக்கணும், தப்பா நெனைக்கப்பிடாது. எங்க அண்ணன் கொரலு ஏதாச்சும் போன்ல கெடக்கா ஒங்ககிட்ட? வீடியோ, வாட்சப்பு, என்னமும்?”

“அவர்தான் போனை எடுத்தாலே எழுந்து போயிருவாரே.”

“அதாம்லா. சின்னவன் கல்யாண வீடியோவ பூரா ஓட்டிப் பாத்துட்டேன். மூணு எடத்துல வாராரு. மூணு எடத்துலயும் சாப்புடுதாரு. பேசல.” முறுக்கை உடைத்தாள். “கொரலு மறந்துரும் போல இருக்கு மைனி. மொகம் மறக்கல. கொரலுதான் போவுது.”

என்னிடம் எதுவும் இல்லை என்றேன்.

போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க ஒருக்கா அழுதுருங்க மைனி. யாருக்காவவும் இல்ல. ஒங்களுக்காவ.”

சரி என்றேன், காய் வாங்கிவரச் சொன்னால் சரி என்பதுபோல.

அக்டோபர் 15, செவ்வாய்

வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். மினெகிஷி ஹோனோகா என்ற பெண்ணின் முறை வந்தபோது சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போது “வேலை” என்று ஒரு சொல் வந்தது.

வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஆளுக்கு இரண்டு வரி கருத்து அனுப்பவேண்டும். அங்கே எல்லா வகுப்புக்கும் அது வழக்கம். இன்று மகிழ்ச்சியாக இருந்தது, முயற்சி செய்வேன். இன்று பயனுள்ளதாக இருந்தது, முயற்சி செய்வேன். மினெகிஷி எழுதியிருந்தது: ‘இன்று என் பதில் உள்ளே நடந்தது. வெளியே வர நேரம் ஆனது. மன்னிக்கவும்.’

இதை இயந்திரம் எழுதவில்லை.

அக்டோபர் 16, புதன்

ஒருங்கிணைப்பாளர் ஒகுமுரா மின்னஞ்சல். எந்தச் செய்தியையும் பருவநிலையில் தொடங்குவார். இங்கே காற்று குளிர்ந்துவிட்டது, அங்கே எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

மினெகிஷி இறுதியாண்டு. இரண்டாம் ஆண்டிலேயே முடித்திருக்கவேண்டிய இந்தக் கட்டாயப் பாடத்தில் இருமுறை தோற்றிருக்கிறாள். படகுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் பயணச்சீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருக்கிறது. ஏப்ரல் முதல் தேதி சேரவேண்டும். அங்கே எல்லோரும் அந்த ஒரே தேதியில்தான் சேருவார்கள். இந்தப் பாடம் தேறாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் வேலை ரத்து.

‘சலுகை எதுவும் கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான்,’ என்று முடித்திருந்தார்.

சலுகை கேட்காதவர்களுக்கு அதை மறுக்கவும் முடிவதில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

அங்கே மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டனவாம். ஏழாம் பாடத்தின் ஒலிப்பதிவில் ஏதோ சிறு சத்தம் கேட்பதாக ஒரு மாணவர் சொல்கிறாராம். வசதிப்பட்டால் மட்டும் திரும்பப் பதிவு செய்து தரமுடியுமா என்று ஒகுமுரா கேட்கிறார்.

செய்கிறேன் என்று பதில் போட்டேன்.

மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. ஆள் வந்து பார்த்தான், காற்று பிடித்திருக்கிறது என்றான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இந்த வீட்டுக்கு இந்த வருடம் கிடையாது. சன்னல்களைச் சாத்திக்கொண்டு கட்டுரை திருத்தினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆறாம் பாடம் முடிந்தது. அடுத்த வாரம் எட்டு. ஏழு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கமாட்டார்கள், அதுதான் வசதி. நேரம் போதவில்லை என்று ஒகுமுராவுக்கு எழுதினேன்.

ஏழாம் பாடம் ரயிலில் குடையைத் தொலைத்தவர் ரயில் நிலையத்தில் போய் விசாரிப்பது. குடை என்ன நிறம், கைப்பிடி எப்படி, எந்தப் பெட்டி. பெரிய இலக்கியம் ஒன்றும் போய்விடவில்லை.

நவம்பர் 21, வியாழன்

குடும்ப ஓய்வூதியத்துக்காக மின்வாரிய அலுவலகம் போனேன். அவருடைய பழைய பிரிவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தேநீர் தந்தார்கள். “எஞ்சினியர் சார் இருந்தா…” என்று ஒருவர் தொடங்கி நிறுத்திவிட்டார். புகைப்படம் ஒட்டவேண்டிய இடத்தில் பசை காயும்வரை காத்திருந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஒவ்வொரு மாணவரோடும் தனிச் சந்திப்பு. மினெகிஷி முதல்முறையாகக் கேமராவைப் போட்டாள். வட்டமுகம், நெற்றியை மறைத்த முடி. பின்னால் கம்பியில் துணி காய்கிறது. அவள் பேசுவதற்குள் நான் குறுக்கிடாமலிருக்கப் பழகிக்கொண்டேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எந்தக் கேள்விக்கும் பதில் வருகிறது, தாமதமாக.

“ஏன் படகு நிறுவனம்?” என்று கேட்டேன்.

இடைவெளி. “என் அம்மா தீவில் இருக்கிறார். ஊழியருக்குப் படகு இலவசம்.”

“நிழல்பேச்சு பழகுகிறாயா?”

“தினமும். பேருந்தில். சென்செயின் குரல். பன்னிரண்டும்.”

“பன்னிரண்டுமா?”

“ஏழும்,” என்றாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “ஏழு எனக்குப் பிடிக்கும்.”

நேரம் முடிந்துவிட்டது என்றேன். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

டிசம்பர் 24, செவ்வாய்

அங்கே விடுமுறை. போர்வைகளை ஊறவைத்துத் துவைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. பின்னால் தொலைபேசி எண்களுக்கு விட்டிருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். ‘அ’ பக்கம்.

பொங்கல். ஜப்பானில் பொங்கல் இல்லை, ஆகவே ஏழு பத்துக்கு வகுப்பு. முடித்துவிட்டுக் கதவைத் திறந்தால் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே கேள்விதான். “பால் பொங்கிட்டா? பால் பொங்கிட்டா?” என் வாசல் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கரும்பு மட்டும் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய் தேர்வு. ஒவ்வொரு மாணவருக்கும் ஏதாவது ஒரு பாடத்தைத் தளமே பொறுக்கிக்கொடுக்கும். அந்தப் பட்டியலிலிருந்து ஏழை எடுத்துவிடவேண்டும். எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும். திறந்தால் அது தானாக ஓடத் தொடங்கும்.

நாளை.

ஜனவரி 21, செவ்வாய்

தேர்வு நடந்தது.

ஜனவரி 23, வியாழன்

பருவநிலை இல்லாமல் தொடங்கியது ஒகுமுராவின் மின்னஞ்சல்.

மினெகிஷியின் தேர்வுப் பதிவைத் தளம் நிறுத்திவைத்திருக்கிறது. தளம் அவளுக்குக் கொடுத்தது ஏழாம் பாடம். பதிவின் நடுவில் சில நொடி கிசுகிசுப்பான குரல் வருகிறது, ஆங்கிலம் இல்லாத வேறு மொழி. யாரோ பக்கத்தில் இருந்து உதவியிருக்கலாம் என்று மென்பொருள் சந்தேகப்படுகிறது. மாணவியைக் கேட்டால், மாதிரி ஒலிப்பதிவில் இருந்ததைத்தான் சொன்னேன் என்கிறாள். எழுத்து வடிவத்தில் அப்படி எதுவும் இல்லை. மாதிரியை ஒகுமுராவும் கேட்டுப்பார்த்தார். ஏதோ அடங்கிய சத்தம்தான் கேட்டது, பேச்சா என்று தெரியவில்லை.

பல்கலைக்கழக விதிப்படி ஒரு தேர்வில் மோசடி என்று முடிவானால் அந்தப் பருவத்தில் எழுதிய எல்லாப் பாடங்களும் செல்லாது. இது ஒன்று மட்டுமல்ல, எல்லாமும். செவ்வாய்க்கிழமை விசாரணை. அதற்குள் நான் இரண்டு பதிவுகளையும் கேட்டு என் கருத்தைத் தரவேண்டும்.

ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன், சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 24, வெள்ளி

மினெகிஷியின் பதிவை முதலில் கேட்டேன். என்னுடையதை அல்ல.

என் ஆங்கிலத்தை ஒரு ஜப்பானியப் பெண் பேசுவது விசித்திரமாக இருக்கிறது. நான் மூச்சுவிடும் இடத்தில் மூச்சுவிடுகிறாள். நான் ஒரு சொல்லில் தடுமாறியிருப்பேன் போலிருக்கிறது, அங்கே அவளும் தடுமாறுகிறாள். பார்த்துப் படிப்பவர்களிடம் இது வராது. பதினான்கு பேரில் ஒருத்தி நான் சொன்னதைச் செய்திருக்கிறாள்.

‘என் குடையை ரயிலில் விட்டுவிட்டேன். அது கறுப்பு நிறம். கைப்பிடி மரத்தாலானது.’

பிறகு குரல் தணிந்தது. கிசுகிசுப்பாக, கொஞ்சம் அவசரமாக:

“மங்கை, பால் பொங்குது. நான் அமத்திட்டேன். நீ பாடத்தப் பாரு.”

பிறகு பழைய குரல். ‘கடைசிப் பெட்டியில், சன்னலோரம்.’

நிறுத்தினேன். மடிக்கணினியை மூடினேன். சமையலறையில் போய் நின்றேன். அங்கே எதுவும் பொங்கவில்லை. ஜூனிலிருந்து அடுப்பின் பெரிய பர்னரைப் பற்றவைக்கவே இல்லை.

பிரமுவுக்கு நான் மைனி. அலுவலகங்களில் மேடம். ஜப்பானில் புயல். அந்தப் பெயரைச் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார்.

அந்தப் பெண் சரியாகச் சொல்கிறாள். நம் ஊர் இழுப்பு உட்பட.

ஜனவரி 25, சனி

என்னுடையதையும் கேட்டேன். கேட்காமல் கருத்து எழுதமுடியாது.

கால்நுனியில் நடந்து வருவது தெரிகிறது. கிசுகிசுத்தால் மைக்கில் பதிவாகாது என்பது அவருடைய நம்பிக்கை. முப்பது வருடம் மின்சாரத்தோடு வேலை பார்த்தவர். “லோ வால்யூம்ல பேசுனா மைக்கு எடுக்காது, நீ சும்மா இரி,” என்று மே மாதம் முழுக்க எனக்கு விளக்கம் சொன்னார். மற்ற பதினொரு நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் அன்று பேசிவிட்டார். நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். பதிவு நன்றாக வந்துகொண்டிருந்தது, நிறுத்த மனமில்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று அப்படியே ஏற்றிவிட்டேன்.

ஒகுமுராவுக்கு எழுதினேன். மாதிரியில் அந்தக் குரல் இருக்கிறது. ஹெட்போன் வைத்துக் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. மொழி தமிழ். பேசியவர் என் கணவர். மாணவி கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். உதவி எதுவும் இல்லை. முழு மதிப்பெண் தரலாம்.

மாலையே பதில் வந்தது. மிகுந்த நன்றி. குழு எல்லாவற்றையும் எழுத்தில் எதிர்பார்க்கிறது என்பதால் மிகவும் சங்கடத்தோடு ஒரு வேண்டுகோள். பேசியவர் தாம்தான் என்று உங்கள் கணவரிடமிருந்தும் ஒரே ஒரு வரி உறுதி கிடைக்குமா?

எழுதினேன். ‘முடியாது. அவர் ஜூன் 13 அன்று இறந்துவிட்டார்.’ இந்த வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில் எழுதியதில்லை. இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அனுப்பினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஒகுமுராவிடமிருந்து: ‘ஜூன் 18 அன்று நீங்கள் வகுப்பு எடுத்தீர்கள். நான் பார்வையாளராக இருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.’

அவ்வளவுதான். பருவநிலையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவரிடமிருந்து வந்ததில் இதுதான் நல்ல கடிதம்.

ஜனவரி 28, செவ்வாய்

விசாரணை. திரையில் இரண்டு பேராசிரியர்கள், ஒகுமுரா, நான், மினெகிஷி. அவள் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வேலைக்கு நேர்காணல் போகும் உடை. குனிந்து வணங்கியபோது திரையிலிருந்தே காணாமல் போனாள்.

மூத்த பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார், எனக்காக. “புரியாத மொழி என்று தெரிந்தும் ஏன் சொன்னீர்கள்?”

அந்த இடைவெளி வந்தது. பேராசிரியர் பேனாவைத் தட்டினார், கேள்வியை ஜப்பானியத்தில் திரும்பக் கேட்க வாயெடுத்தார்.

“பொறுங்கள்,” என்றேன். “பதில் வருகிறது.”

வந்தது. “சென்செய் சொன்னார். புரியாததையும் விடாதே என்று.” மறுபடி இடைவெளி. “அந்தக் குரல் கிசுகிசுத்தது. அதனால் நானும் கிசுகிசுத்தேன்.”

“எழுத்து வடிவத்தில் அது இல்லையே?”

“எழுத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது.”

இரண்டாமவர் என்னைக் கேட்டார், அந்த வாக்கியங்களின் பொருள் என்ன என்று. பதிவுக்காக வேண்டுமாம். ஆங்கிலத்தில் சொன்னேன், பாடம் நடத்தும் வேகத்தில். பால் பொங்குகிறது. நான் அடுப்பை நிறுத்திவிட்டேன். நீ பாடத்தைப் பார்.

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். முதல் சொல் என்ன, அதைச் சொல்லவில்லையே என்றார். என் பெயர் என்றேன்.

பேராசிரியர்கள் விடைபெற்றார்கள். ஒகுமுரா கேமராவை அணைத்துக்கொண்டார், போய்விடவில்லை என்று நினைக்கிறேன். மினெகிஷி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“சென்செய், ஒரு கேள்வி கேட்கலாமா?”

“கேள்.”

காத்திருந்தேன்.

“பால் வழிந்துவிட்டதா?”

நான்கு வருடத்தில் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அன்று பதிவு முடிந்து நான் சமையலறைக்குப் போனபோது மேடை சுத்தமாக இருந்தது. காபி மேசைக்கு வந்துவிட்டது. வழிந்து அவர் துடைத்தாரா, வழியுமுன் நிறுத்தினாரா, நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கொஞ்சம் பெரிதாக்கி.

“தெரியாது,” என்றேன். “நான் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

“ஹாய்,” என்றாள். அவர்கள் மொழியில் ஆமாம். அப்புறம் குனிந்து வணங்கி மறுபடி காணாமல் போனாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மினெகிஷி தேறிவிட்டாள். எண்பத்தெட்டு. மென்பொருள் கழித்த மதிப்பெண்களை ஒகுமுரா கையால் கூட்டியிருக்கிறார். மார்ச்சில் பட்டமளிப்பு, ஏப்ரல் ஒன்றில் வேலை.

அவளுடைய கடைசிக் கருத்தும் வந்தது: ‘நன்றி. முயற்சி செய்வேன்.’ அவளும் எல்லோரையும்போல எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். கீழே இன்னொரு வரி இருந்தது. ‘படகில் சென்செய்க்குச் சன்னலோரம் இருக்கை எடுத்துவைப்பேன்.’

பிப்ரவரி 16, ஞாயிறு

பிரமுவை வரச்சொன்னேன். நான் வரச்சொன்னதே அவளுக்குப் பயமாகிவிட்டது.

“என்ன மைனி, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?”

ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். ஏழாம் பாடத்தைப் போட்டேன். குடை, கைப்பிடி என்று என் குரல் போவதைக் கேட்டு, “இது நீங்கள்லா பேசுதிய, எனக்கு ஒரு எளவும் புரியல,” என்றாள். அப்புறம் வாய் திறந்தபடி நின்றது. கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“எண்ணே,” என்றாள் திரையைப் பார்த்து. “எண்ணே.”

மூன்று தடவை கேட்டாள், நான்கா தெரியவில்லை. நன்றாக அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது அடுத்ததைப் போட்டேன். யார் பேசுவது என்று மட்டும் சொன்னேன்.

கேட்டாள். கண்ணில் தண்ணீரோடு சிரிக்க ஆரம்பித்தாள்.

“யாத்தாடி! சப்பான்காரியா இவ? ‘அமத்திட்டேன்’ங்கா! மெட்ராஸ்ல இருக்க எம் மருமவளுக்கு இந்த வார்த்த வராது மைனி. மூணு வருசமா சொல்லிக்குடுக்கேன்.” மறுபடி கேட்டாள். “அண்ணன் அந்த ‘பாரு’வ ஒரு இழு இழுப்பாருல்லா, அதயும் இழுக்கா பாருங்க. இவளுக்கு ஒரு பவுனு போடலாம்.”

பிறகு என்னைப் பார்த்தாள்.

“கெடக்குதான்னு கேட்டதுக்கு ஒண்ணும் இல்லன்னியளே.”

“ஆமா.”

அவள் ஹெட்போன் வயரைச் சுற்றி, கவனமாக மேசையில் வைத்தாள். “எனக்கு இத அனுப்பிவிடுங்க. ரெண்டயும்,” என்றாள்.

மார்ச் 6, வியாழன்

அங்கே பிளம் பூத்துவிட்டதாம். புதிய பருவத்துக்கு முன் ஏழாம் பாடத்தை மாற்றித் தரமுடியுமா, அவசரமில்லை, மாற்றாமல் விட்டாலும் தமக்குச் சம்மதம்தான் என்று ஒகுமுரா எழுதியிருக்கிறார்.

மாற்றித்தான் ஆகவேண்டும். அடுத்த வருடமும் சொன்னதைச் செய்யும் ஒருத்தி வருவாள். அவளுக்கு எதற்கு வம்பு.

மார்ச் 8, சனி

காலை ஆறு மணிக்கு மின்விசிறியை நிறுத்தினேன். பிரிட்ஜை நிறுத்தினேன். கடைசிப் பெட்டி, சன்னலோரம் என்று முழுதாகப் படித்து முடித்தேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. சத்தம் எதுவும் இல்லை. ஏற்றினேன். ‘பழைய கோப்பு நீக்கப்பட்டது’ என்று தளம் சொன்னது. என்னிடமும் பிரமுவிடமும் இருக்கிறது. நான் கேட்பதில்லை. இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கியிருந்தேன். ஏன் என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இப்போது அதைப் பெரிய பர்னரில் வைத்துவிட்டு, காயும்வரை இதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ‘க’ பக்கம் வந்துவிட்டது.

தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். பால் பொங்கி, அடுப்பு முழுக்க வழிந்து, மேடையிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அமத்தினேன். துடைத்தேன். பர்னரைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்தேன். இதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. நடுவில் ஒருமுறை தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாத்திரத்தில் பாதிப் பால் மிச்சமிருந்தது. ஒரு காபி போட்டுக்கொண்டேன்.